கேம் நடுவே பொட்டென்று அணையும் டெஸ்க்டாப்: காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து போகிறது என்று சர்வீஸ் கடையில் சொன்னால், பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு சார், மாத்திடலாம்." இல்லையென்றால், "விண்டோஸ் புதுசா போட்டுப் பார்க்கலாம்." சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். முதல் பதில் பல சமயம் சரியாகவே இருக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட எப்போதும் வீண் வேலை. விண்டோஸிலோ டிரைவரிலோ கோளாறு என்றால் நீலத்திரை வரும், படம் உறைந்து நிற்கும், கேம் மட்டும் மூடிக்கொள்ளும். மொத்த மெஷினும் விளக்கை அணைத்ததுபோல் போகிறது என்றால் கரண்டையோ சூட்டையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் எஸ்எம்பிஎஸ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதிலும் சிக்கல் இருக்கிறது. புதிதாகப் போட்ட எஸ்எம்பிஎஸ்ஸும் அடுத்த வாரம் அதே மாதிரி அணையும். பார்த்தால் குற்றவாளி மேசைக்கடியில் இருக்கும் யூபிஎஸ். அதனால் காசு செலவாகாத சோதனைகளை எல்லாம் முதலில் முடித்துவிடுவோம். கீழே உள்ள வரிசை அப்படித்தான் போகிறது. இடையில் விடை கிடைத்துவிட்டால் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம்.

படி 1: எப்படி அணைந்தது என்று கவனியுங்கள்

அணைந்த அந்த நொடியில் நடந்ததுதான் உங்களிடம் இருக்கும் முதல் தடயம். முடிந்தால் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள், பின்னால் கடைக்காரரிடம் பேசும்போதும் உதவும்.

'டிக்' என்று ஒரு சத்தம், உடனே எல்லாம் அணைந்துவிட்டது. பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போட்டால்தான் உயிர் வருகிறது. எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புச் சர்க்யூட்டால் தன்னையே பூட்டிக்கொண்டதற்கு அடையாளம் இது. அளவுக்கு மீறிய கரண்ட், ஷார்ட், அல்லது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே அதிகச் சூடு, இவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்கூட யாராவது அளவுக்கு மேல் கேட்டால் இப்படித்தான் செய்யும், செய்யவும் வேண்டும்.

அணைந்து ஓரிரு நொடியில் தானாகவே ஆன் ஆகிறதா? வீட்டு மின்சாரம் கண் சிமிட்டியிருக்கலாம். பிராசஸர் தாங்க முடியாத பிழை ஒன்றைச் சந்தித்து ரீசெட் ஆகியிருக்கலாம். அல்லது நீலத்திரை வந்து, அதை நீங்கள் பார்ப்பதற்குள் விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்திருக்கலாம்.

திரை மட்டும் கறுப்பாகி, கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் ஜெட் விமானம்போல் அலறி, ஹெட்செட்டில் மட்டும் நண்பர் "டேய், இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் மெஷின் அணையவில்லை, கார்டு மட்டும் செயலிழந்திருக்கிறது. கார்டின் பவர் கேபிள், கார்டின் சூடு, டிரைவர் என்று தேடலைச் சுருக்கிக்கொள்ளலாம்.

கடைசி வகை: அணைவதற்கு முன் சில நிமிடங்கள் கேம் திணறுகிறது, நொடிக்கு 90 ஃபிரேம் (படம்) ஓடியது 40க்கு வருகிறது, ஃபேன் சத்தம் ஏறுகிறது, அப்புறம் அணைகிறது. உடனே ஆன் செய்தால் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி அணையும். அரை மணி நேரம் ஆறவிட்டால் நன்றாக ஓடும். இது சூடு.

நேரத்தையும் பாருங்கள். பெரிய வெடிப்புக் காட்சியிலோ மேட்ச் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலோ அணைந்தால் மின்சாரத்தின் பக்கம் சாய்கிறது. முக்கால் மணி நேரம் ஆடிய பிறகு என்றால் சூட்டின் பக்கம். கேமே தொடங்காமல் மெனு திரையில் அணைந்தால் சிரிக்காதீர்கள், அதற்கும் காரணம் உண்டு. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாத மெனுவில் கார்டு நொடிக்குப் பல நூறு ஃபிரேம் வரைந்து தள்ளும். 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் கேமின் பீட்டா வந்தபோது சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் மெனு திரையிலேயே செத்துப்போன கதை அப்போது பெரிய செய்தி.

அப்புறம் ஒன்று: அதே நொடியில் மானிட்டரும் அணைந்ததா, வைஃபை ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனதா, மின்விசிறி ஒரு கணம் தளர்ந்ததா? ஆம் என்றால் நேராகப் படி 3க்குப் போகலாம். ரூட்டருக்குத் தனியாக மினி யூபிஎஸ் வைத்திருந்தால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். இதைப் பார்த்ததும் 'பவர் என்று போட்டிருக்கிறதே, எஸ்எம்பிஎஸ்தான்' என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். அந்த வரி அதைச் சொல்லவில்லை. மெஷின் மறுபடி ஆன் ஆனபோது, 'போன முறை முறையாக ஷட்டவுன் ஆகாமல் போய்விட்டேன்' என்று விண்டோஸ் எழுதிக்கொண்ட குறிப்பு அது, அவ்வளவுதான். நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் இதே 41 வரும்.

அதற்குள் பயனுள்ள ஒரு தகவல் இருக்கிறது. டீட்டெயில்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, மெஷின் திடீரென்று அணைந்திருக்கிறது என்று கொள்ளலாம். வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. அப்போது டிரைவர், ரேம் பக்கம் திரும்ப வேண்டும். நீலத்திரை தப்பித்துப் போகாமல் இருக்க, சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி என்று போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

41க்குப் பக்கத்தில் டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 என்று ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் பிராசஸர் பக்கத்து ஹார்டுவேர் பிழை. ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது), ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைல் எதைப் போட்டிருந்தாலும் பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், குறிப்பாக ஐ9 ரகங்களில், வோல்டேஜ் கோளாறால் நிலையாமை வந்தது 2024இல் உறுதியானது. திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாக வருகிறது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அந்தப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் முன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

படி 3: சுவரிலிருந்து கேபினெட் வரை

சென்னை வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது யூபிஎஸ்ஸைத்தான். 600 விஏ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். அந்த 360 பின்பக்க ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். கேமில் பிராசஸர் சுமார் 100 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50. ஆக 320 வாட். எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறன் கொண்டது என்றால் சுவரிலிருந்து ஏறக்குறைய 375 வாட் இழுக்கும். மானிட்டருக்கு இன்னொரு 30. மொத்தம் 400ஐத் தாண்டிவிட்டது. இவ்வளவுக்கும் இது நடுத்தரமான மெஷின்தான். பிரவுசரில் படம் பார்க்கும்போது இதே மெஷின் இதில் சின்னப் பங்குதான் இழுக்கும், அதனால் யூபிஎஸ் வாயைத் திறக்காது. கேம் தொடங்கியதும் ஓவர்லோட் பீப் அடித்துவிட்டுத் துண்டிக்கும், அல்லது கரண்ட் ஒரு கணம் சிமிட்டினால் பேட்டரிக்கு மாற முயன்று படுத்துவிடும். பேட்டரி இரண்டு மூன்று வருஷம் ஆனதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அது அதற்கு முன்பே சோர்ந்துவிடும்.

சோதனை எளிது. யூபிஎஸ்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகி, இடி மின்னல் இல்லாத ஒரு மாலையில் வழக்கமாக அணையும் அதே கேமை ஆடுங்கள். அணையவில்லையா? வழக்கு முடிந்தது.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை இணைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தையோ முன்பக்கத்தையோ பாருங்கள். யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மல் மோட் ஃபேனுக்கும் லைட்டுக்கும் உரியது, மாறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று முழு லோடில் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிநொடி. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லிநொடி. லோடு குறைவாக இருக்கும்போது அதே எஸ்எம்பிஎஸ் இன்னும் கொஞ்சம் நேரம் தாங்கும். ஒரே மாதிரியான கரண்ட் சிமிட்டலில், வேர்டு ஃபைல் டைப் செய்யும்போது ஒன்றும் ஆகாமல் கேமில் மட்டும் அணைவதற்கு இதுவே காரணம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னொரு தொல்லை: ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நவீன எஸ்எம்பிஎஸ்களில் பல அதனோடு ஒத்துப்போகாது. கேமிங் பிசிக்கு ப்யூர் சைன் வேவ்தான் நிம்மதி.

அணையும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அபார்ட்மென்ட்டில் கீழே தண்ணீர் மோட்டார் போடும் நேரமா? பக்கத்து அறையில் ஏசி கம்ப்ரஸர் 'டுக்' என்று கிளம்பும் நேரமா? மே மாத இரவு பத்து மணிக்கு மேல், தெருவே ஏசி போட்டிருக்கும்போதா? மோட்டாரும் கம்ப்ரஸரும் கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வயரிங் பழசாக இருந்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் தொப்பென்று இறங்கும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இது சகஜம். உங்கள் எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 100–240 வோல்ட் என்றால் நிதானமான லோ வோல்டேஜைச் சமாளித்துக்கொள்ளும். 200–240 என்று மட்டும் இருந்தால், இரவில் 180க்கு இறங்கும் ஏரியாவில் அது திணறத்தான் செய்யும்.

பிளக் பாயின்ட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கேம் ஆடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, செருகும் இடம் லேசாகக் கறுத்திருந்தாலோ, ஆட்டினால் 'சர்ர்' என்று சத்தம் வந்தாலோ எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டை மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனையும் காலப்போக்கில் லூஸாகும். ஃபேன் அதிர்விலேயே தொடர்பு விடும். சந்தைக்கடை ஸ்பைக் பஸ்டர் ஒன்றில் கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர், கூடவே அயர்ன்பாக்ஸ் என்று செருகியிருந்தால் அதை முதலில் கலைத்துவிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. அணைவதற்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சாக்கெட்டில் தொடர்ந்து ஆடாதீர்கள்.

படி 4: சூடு

ஹீட் சிங்க்கும் ஃபேனும் எதையும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. அறையில் ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் வாங்கிய மெஷின் மார்கழியில் ஒழுங்காக ஓடி, சித்திரை வந்ததும் மதியத்தில் அணையத் தொடங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர்கீழ் அறை இரவு ஒன்பது மணிக்கும் அடுப்படி மாதிரிதான் இருக்கும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார்ஸ் பகுதியைத் திறந்து, லாகிங்கை ஆன் செய்து, இடைவெளியை அரை நொடி அளவுக்குக் குறைத்துவிட்டு கேம் ஆடுங்கள். அணைந்தபின் ஃபைலை எக்ஸலில் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். இரண்டு மாதிரி சொல்கிறேன்.

பிராசஸர் 71 டிகிரி, கார்டு 68, கார்டின் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) 81, பிராசஸர் வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், அடுத்த வரி இல்லை. இங்கே சூட்டுக்கு வேலையே இல்லை. படி 5க்குப் போங்கள்.

பிராசஸர் 88, 94, 99, 100, வேகம் 4.4இலிருந்து 3.6, 2.9, 2.2 என்று இறங்குகிறது. அப்புறம் வரி இல்லை. இது சந்தேகமில்லாமல் சூடு. பிராசஸர் எடுத்த எடுப்பில் அணைந்துவிடாது, முதலில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அதுவும் பலிக்காமல் சூடு இன்னும் ஏறினால்தான் உயிரை விடும். அதனால் லாகில் வேகக் குறைவே இல்லாமல் அணைந்திருந்தால் பிராசஸர் சூடு என்ற வாதம் பலவீனமானது.

எது அதிகம்? இன்டெல் பிராசஸர்களில் பலவற்றுக்கு வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைஸன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90, ரைஸன் 7000இல் 95. முப்பரிமாண கேஷ் உள்ள 7800எக்ஸ்3டிக்கு 89. ரைஸன் 7000 முழு லோடில் 95ஐத் தொட்டு நிற்பது அதன் வடிவமைப்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என்விடியா கார்டுகள் 80களின் நடுவில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஏஎம்டி கார்டுகளின் ஹாட்ஸ்பாட் 110 வரை அனுமதி.

லாக் எல்லாம் வேண்டாம், சட்டென்று ஒரு விடை வேண்டும் என்றால்: கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே பார்த்து வைத்து ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால் சூடுதான்.

சூடு என்று தெரிந்துவிட்டால் முதல் வேலை, கம்ப்யூட்டர் டேபிளில் 'சிபியு' வைக்க என்றே செய்த அந்தப் பலகைப் பெட்டியிலிருந்து கேபினெட்டை வெளியே எடுப்பது. பின்பக்கம் அடைத்த அந்தப் பெட்டி, தான் விட்ட சூடான காற்றையே மெஷினுக்குத் திரும்ப ஊட்டுகிறது. ஃபர்னிச்சர் கடைக்காரர்கள் இதை இன்னும் செய்துகொண்டிருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

அடுத்தது தூசி. மெட்ரோ வேலை நடக்கும் சாலையை ஒட்டிய வீடுகளில் சில மாதத்திலேயே ஃபில்டர் போர்வை மாதிரி ஆகிவிடும். பிளக்கைக் கழற்றி, மெஷினை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்தே ஊதுங்கள், திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பெசன்ட் நகர், திருவான்மியூர், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு ஊதினால் மட்டும் போதாது. உப்புக்காற்றின் ஈரத்தில் தூசி அப்பிக்கொண்டிருக்கும். மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வேண்டும்.

பிறகு பிராசஸர் கூலர். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் புஷ்பின்கள் இருக்கும். கேபினெட்டை ஆட்டோவில் தூக்கிப்போய் வந்தாலே அதில் ஒன்று கழன்றுவிடும், கூலர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு பின்னும் வெளியே வந்து பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். லிக்விட் கூலர் என்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பம்பின் வேகம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே 100ஐத் தொட்டால் பம்ப் நின்றிருக்கும்.

படி 5: எஸ்எம்பிஎஸ்

கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் லேபிளை நிதானமாகப் படியுங்கள். 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே கட்டம் போட்ட பட்டியலில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் 12ஆல் பெருக்க 300 வாட். கேமிங் மெஷினில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் குடிக்கின்றன. ஆக உங்களிடம் இருப்பது 300 வாட் எஸ்எம்பிஎஸ். மிச்சம் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கிறது. 80 பிளஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைச் சொல்லும், பாதுகாப்பும் தரமும் எப்படி என்று சொல்லாது.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே பூட்டிக்கொள்ள இன்னொரு காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டின் வாட் கணக்கு சராசரிதான். மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அது இரண்டு மடங்கு வரைகூடத் தாவும். 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த காலத்தில் இந்தத் தாவல்களால் பழைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ்கள் பல அணைந்தன. 2022இல் வந்த, எஸ்எம்பிஎஸ் வடிவமைப்புக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, புதிய ரக இணைப்புள்ள எஸ்எம்பிஎஸ்கள் தம் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்டது. இந்தத் தாவல் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் தெரியாது. அரை நொடிக்கு ஒருமுறை பார்ப்பவன் கண்ணில் அது படாது.

அதனால் மறைமுகமாகத்தான் பிடிக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கூடவே என்விடியா அல்லது ஏஎம்டி கன்ட்ரோல் பேனலில் ஃபிரேம் வரம்பை 60இல் வையுங்கள். இப்படி மூன்று நான்கு நாள் அணையாமல் ஓடினால், சூட்டையும் ஏற்கெனவே விலக்கிவிட்டீர்கள் என்றால், பவர்தான் குற்றவாளி. புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் காசு சேரும்வரை இதே அமைப்பில் ஆடியும் காலம் தள்ளலாம்.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் பிரித்துப் பார்க்கும் சோதனை. ஓசிசிடி என்ற மென்பொருளில் பிராசஸருக்கு மட்டும் லோடு கொடுத்து கால் மணி நேரம் ஓடவிடுங்கள். தாங்கியதா? ஆறவிட்டு, கார்டுக்கு மட்டும் கால் மணி நேரம். அதையும் தாங்கியதா? இப்போது பவர் டெஸ்ட், இரண்டுக்கும் சேர்த்து. தனித்தனியாகத் தாங்கி, சேர்த்துக் கொடுத்ததும் 'டிக்' என்றால் மொத்த பவர் போதவில்லை. கார்டு தனியாகவே அணைத்தால் கார்டோ அதன் கேபிளோ. பிராசஸர் தனியாகவே அணைத்தால் கூலர், பிராசஸர், மதர்போர்டின் பவர் பகுதி. மலிவான மதர்போர்டில் பெரிய பிராசஸர் போட்டவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சோதனை ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள். கருகிய வாசனை வந்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள்.

கேபிள்கள். கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் போக வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையை இரண்டிலும் செருகுவது பார்க்க அழகாக இருக்கும், பெரிய கார்டுகளுக்கு ஆகாது. புதிய 16 பின் இணைப்பு என்றால் இடைவெளி தெரியாத அளவு முழுசாக உள்ளே போயிருக்க வேண்டும். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090களில் அது உருகியபோது, சரியாகச் செருகாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும் பிராசஸர் கேபிளையும் கழற்றிச் செருகுங்கள். பின்களில் ஏதாவது பழுப்பாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் 4 பின் மோலெக்ஸ் முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே லோடில் அளக்கலாம். 11.4இலிருந்து 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையால் இந்தப் பிரச்சினைக்கு எந்தப் பயனும் இல்லை. லோடில் விழும் எஸ்எம்பிஎஸ் லோடு இல்லாமல் ஜம்மென்று சுற்றும்.

முடிவான சோதனை, நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒருநாள் கடன் வாங்குவது. கேபிள்களோடு வாங்குங்கள்.

படி 6: மிச்சம் இருப்பவை

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் கேபினெட்டின் பவர் பட்டனைச் சந்தேகியுங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட பட்டன், நீங்கள் நான்கு நொடி அழுத்திப் பிடித்ததற்குச் சமம். ரீசெட் பட்டனும் அப்படியே. மெஷின் ஆன் ஆனபின் அந்தச் சின்ன வயர்களை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு ஆடிப் பாருங்கள். மதர்போர்டுக்குப் பின்னால் கழன்று கிடக்கும் ஸ்க்ரூவோ தேவையில்லாத இடத்தில் இருக்கும் ஸ்டாண்ட்ஆஃபோ (மதர்போர்டைத் தாங்கும் உலோகக் குமிழ்) ஷார்ட் ஏற்படுத்தும். ரேம் கோளாறு பெரும்பாலும் நீலத்திரையாகத்தான் வரும். இருந்தாலும் கழற்றி, ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு என்றால் அதை வேறொரு மெஷினில் போட்டு அங்கேயும் அணைகிறதா என்று பார்ப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

படி 7: ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது

சென்னையின் கம்ப்யூட்டர் உதிரிபாகச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனால் கடையில் விண்டோஸ் டெஸ்க்டாப் வரும்வரை ஆன் செய்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்பார்கள். டெஸ்க்டாப்பில் அது எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். "அண்ணா, லோடுல அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அணைந்த வீடியோ, லாக் ஃபைல், ஓசிசிடியில் எது தாங்கியது எது தாங்கவில்லை என்ற குறிப்பு மூன்றையும் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும். வாரண்டி இருந்தால் கடையைவிட அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போவது நல்லது. அதற்கு ஜிஎஸ்டி பில்லும் கிழியாத சீரியல் ஸ்டிக்கரும் வேண்டும்.

புது எஸ்எம்பிஎஸ் வாங்குகிறீர்கள் என்றால், கார்டு நிறுவனம் சொல்லும் வாட்டுக்குக் கீழே போகாதீர்கள். என்விடியா சொல்வது ஆர்டிஎக்ஸ் 3060க்கு 550, 4070க்கு 650, 3080க்கு 750, 4090க்கு 850. ஏடிஎக்ஸ் 3 ரகம், 100–240 வோல்ட் இன்புட், ஐந்து வருஷத்துக்குக் குறையாத வாரண்டி இருந்தால் போதும். விளக்கு எரிகிறதா, ஃபேன் கலர் என்ன என்பதெல்லாம் உங்கள் விருப்பம். யூபிஎஸ்ஸும் மாற்ற வேண்டும் என்று படி 3இல் தெரிந்திருந்தால், விஏவை விட்டுவிட்டு வாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது ஒன்றில் மட்டும் சோம்பல் கூடாது. பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருக்கின்றன, புதியதன் சாக்கெட்டிலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று அப்படியே செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு, சில சமயம் ஒரே பிராண்டின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியிலேயே போய்விடும். பழைய கேபிள் எல்லாவற்றையும் உருவி, புதுப் பெட்டியில் வந்தவற்றை மட்டும் மாட்டுங்கள். பிறகு முன்பு அணைத்த அதே கேமை, அதே அறையில், அதே மதிய வெயிலில் ஓட்டிப் பாருங்கள்.